இடது ஓரம்

பூன் கெங்கிலிருந்து நொவீனாவுக்குப்
பேருந்தில் பதினெட்டு நிமிடம்.
சைக்கிளில் பதினாறு.
அந்த இரண்டு நிமிடத்துக்கா இந்தப் பாடு
என்கிறாள் சுரைனி,
மருந்தக முகப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரி.
கெண்டைக்காலில் சங்கிலி அச்சடித்த
கறுப்புப் பற்களை ஈரத்தாளால் தேய்த்தபடி
ஆமாம் என்கிறேன்.
வேறென்ன சொல்ல?

வலது காற்சட்டை நுனியில்
நேற்றைய மீ கோரெங் பொட்டலத்தின்
சிவப்பு ரப்பர் வளையம்.
தலையில் கவசம், பின்னால் சிமிட்டும் விளக்கு.
இரட்டை மஞ்சள் கோட்டுக்கும்
சாக்கடைக் கம்பிக்கும் நடுவே
எனக்கென்று சாலை விட்டுவைத்தது இரண்டு சாண்.
அந்த இரண்டு சாணிலும் ஒரு டாக்சி நின்று
யாரையோ இறக்கிக்கொண்டிருக்கும்.

கதவு திறக்கிறது.
முதலில் ஒரு குதிகால் செருப்பு,
அப்புறம் ஒரு கைப்பேசி,
கடைசியில்தான் முகம்.
சாரி என்றது எனக்கா, கைப்பேசிக்கா?

பாலஸ்டியர் சாலையில்
இரட்டை மாடிப் பேருந்து ஒன்று
என்னை முந்தும். நிறுத்தத்தில் நிற்கும்.
நான் முந்துவேன்.
மறுபடி அது என் முழங்கையை உரசி முந்தும்.
நாலு நிறுத்தம் வரைக்கும்
தீராத பங்காளிச் சண்டை.
நடுவில் தௌ சார் பியா சுடும் வாசனை
ஒரு மூச்சு கிடைக்கும்,
அடுத்த மூச்சு முழுக்க டீசல்.

நடைபாதையில் ஏறினால்
தள்ளுவண்டியில் காய்கறி இழுத்து வருபவர்
ரோட்டுக்குப் போ என்கிறார்.
ரோட்டுக்கு இறங்கினால்
ஹார்ன் நடைபாதைக்குப் போ என்கிறது.
மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி.
எனக்குப் பின்பக்கமும்.

போன செவ்வாய்க்கிழமை ஒருவர்
சிக்னலில் கண்ணாடியை இறக்கி
சாலை வரி கட்டுகிறாயா என்று கேட்டார்.
யோசித்து முடிப்பதற்குள் பச்சை.
இப்போது பதில் இருக்கிறது, நல்ல பதில்.
மூன்று நாளாக அந்த வெள்ளி நிற ஹோண்டாவைத்
தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்று மழை.
தூறல் என்று சொல்லித் தொடங்கி
ஒரே நிமிடத்தில் வாளி வாளியாய்.
மூக்குக் கண்ணாடியில் ஊர் முழுக்கக் கரைகிறது.
திரும்பிப் பார்த்தால் சறுக்கும்,
பார்க்காவிட்டால் என்ன வருகிறதோ.

முன்னால் ஒரு லாரி.
தார்ப்பாய்க்கு அடியில் பத்துப் பன்னிரண்டு பேர்,
முழங்காலோடு முழங்கால் இடித்து.
கடைசியில் பின்புறம் பார்த்து உட்கார்ந்தவர்
மடியில் டிபன் பையோடு
என்னையே பார்க்கிறார்.
எரிச்சலாக இருந்தது முதலில்.
அவர் பார்த்தது என்னை அல்ல.

"அக்கா, பின்னாடி சிமெண்டு வண்டி!
ஓரம், ஓரம்!"

ஒதுங்கினேன்.
ஒரு மலை சுழன்றபடி கடந்து போனது.

பிறகு அவர் கைதான் எனக்குக் கண்ணாடி.
உள்ளங்கை காட்டினால் பொறு.
விரல்களை மடக்கினால் வா.
என் முதுகுக்குப் பின்னால் இருந்த அத்தனையையும்
முன்னால் பார்த்தே
மூன்று சிக்னல் ஓட்டினேன்.
இந்தச் சாலையில் யாரும்
எனக்காக இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை.
இன்னும் ஒரு சந்திப்பு வரை
அந்தக் கையின் பின்னாலேயே போனேன்.
அங்கே லாரி வேகமெடுத்தது.
கை ஒருமுறை உயர்ந்து
மழைக்குள் போனது.

அதற்கப்புறம்தான் உறைத்தது.
அவர் முதுகுப் பக்கம்தான் லாரி போகும் திசை.
அங்கே எதிரில் என்ன வருகிறதென்று
அவருக்கு யார் கை காட்டுவார்?
பிடித்துக்கொள்ளக்கூட அங்கே
ஒரு கம்பிதான் இருந்தது,
அதையும் எனக்காக விட்டிருந்தார்.

சுரைனி ஈரத்தாளை நீட்டுகிறாள்.
இன்றைக்கு எத்தனை நிமிடம்?

இருபத்தொன்று, என்கிறேன்.

பேருந்தே மேல் என்று சிரிக்கிறாள்.
முதல் மருந்துச் சீட்டு
முகப்புக்கு வந்துவிட்டது.
ரப்பர் வளையத்தைக் கழற்ற மறந்து
எழுந்து நிற்கிறேன்.